மேலுறையில் ஒரு பெயர்

ஐப்பசி அடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு குறுகிய தெருவில் இருக்கிறது அந்த அச்சகம். முன்புறம் ஓட்டுச் சாய்ப்பு, பின்புறம் தகரக் கொட்டகை. வாசலில் குடையை மடக்கும்போதே மையும் மண்ணெண்ணெயும் மைதாப் பசையும் கலந்த வாசனை வந்து மோதியது. எனக்கு அது பழகிய வாசனை. நாசரேத் பக்கத்து ஊரில் எங்கள் ஆச்சியின் தலையணைக்கு அடியில் இருந்தது அது.

ஆச்சி படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அவளுக்கு வந்த ஒரே தபால் இந்த அச்சகத்தின் மாத இதழ்தான். கண்ணில் புரை விழுந்த பிறகு நான் வாசித்துக் காட்டுவேன். அவள் போன பிறகும் இதழ் மூன்று ஆண்டுகள் அவள் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவரும் எழுதித் தெரிவிக்கவில்லை. அந்த உறுத்தல்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சி, எடுத்த எடுப்பிலேயே ஒன்று கேட்டுக்கொண்டார். "எங்க பேரைப் போடாதீங்க தம்பி. வேலையைப் பத்தி எழுதுங்க, போதும்."

நிரந்தர வேலையாட்கள் ஏழு பேர். மடிப்புக்கும் கட்டுமானத்துக்கும் வேலை இருக்கும்போது நான்கு பெண்கள் வருகிறார்கள். 32 பக்க மாத இதழ், கைப்பிரதிகள், ஜெபப் புத்தகங்கள், சபைகளின் ஸ்தோத்திரப் பண்டிகை அழைப்புகள், ஆண்டுக் கடைசியில் வாக்குத்தத்த அட்டைகள். இவ்வளவுதான் இவர்கள் உலகம். வண்ண நாட்காட்டி மட்டும் சிவகாசிக்குப் போய் வருகிறது.

ஒன்பதே கால் மணிக்கு இயந்திரம் ஓடாது. எல்லாரும் காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடுகிறார்கள். பிறகு அண்ணாச்சி ஒரு மரப்பெட்டியைத் திறந்து இருபத்தைந்து அட்டைகளை எடுக்கிறார். சந்தாதாரர்களின் விலாச அட்டைகள். ஒவ்வொரு பெயராக, ஊரோடு சேர்த்து வாசித்து ஜெபிக்கிறார்கள். மறுநாள் அடுத்த இருபத்தைந்து. கட்டிங் மெஷினில் நிற்கும் பெரியவர் நெற்றியில் திருநீறு. இருபது வருஷமாக இங்கே வேலை. அவரும் தலைகுனிந்து நிற்கிறார். பெயர் வாசிக்கும்போது ஓர் ஊரை அண்ணாச்சி தப்பாகச் சொல்ல, "அது பணகுடி இல்ல, பனவடலி" என்று திருத்தியவர் அவர்தான்.

ஜெபம் முடிந்து தேநீர். அதன் பிறகு நான் டீச்சரின் அறைக்குள் போனேன். அன்று பாதிப் பகல் அங்கேயே கழிந்தது.

டீச்சர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பிழை திருத்துகிறார். அவர் எதிரே ஓர் இளம்பெண் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்கிறாள். கமா, புள்ளி, பத்தி முடிவு எல்லாவற்றையும் வாயால் சொல்கிறாள். டீச்சர் சிவப்புப் பேனாவோடு அச்சுப் பிரதியைத் தொடர்கிறார். கணினியில் பிழைதிருத்தி இருக்கிறதே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு தாளை நகர்த்தினார். அதில் இரண்டு சொற்கள் வட்டமிடப்பட்டிருந்தன: இறங்கினார், மறித்தார்.

"ரெண்டும் சரியான தமிழ்தான். மெஷினு ஒண்ணும் சொல்லாது. ஆனா இங்க இருக்க வேண்டியது இரங்கினார். ஜனங்கமேல இரக்கப்பட்டார். மலையிலிருந்து இறங்கினார்னும் அதே வேதத்துல வருது. அடுத்தது மரித்தார். சிலுவையில ஆண்டவர் மரித்தாரா, வழி மறித்தாரா?"

வசனங்களை அவர் தனியாகப் பார்க்கிறார். தட்டச்சு செய்பவரின் கை தன்னை அறியாமல் 'சொல்லுகிறேன்' என்பதைச் 'சொல்கிறேன்' என்று சுருக்கிவிடும். கட்டுரையில் அது குற்றமில்லை. வசனத்தில் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. நாற்பது வருஷமாக மனப்பாடமாகச் சொல்லி வருகிறவர்கள் நாவில் அது இடறும். அப்புறம் கடிதம் வரும்.

இன்னொரு சிக்கல் கடவுளின் பெயரே. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெப்ரிஷியஸ் ஐயர் பாட்டுகளில் 'பராபரன்' என்று வரும். 1871-இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயரின் வேதாகமத் திருப்புதலில் 'தேவன்'. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. எழுதுகிறவர்கள் எந்தச் சபையில் வளர்ந்தார்களோ அந்தச் சொல்லோடு வருகிறார்கள். ஒரே கட்டுரைக்குள் மூன்றும் கலந்து வருவதும் உண்டு. டீச்சர் விதி எளியது. மேற்கோளில் கை வைப்பதில்லை. மற்ற இடங்களில் எழுதியவர் முதல் பத்தியில் எந்தச் சொல்லைத் தொட்டாரோ அதையே கடைசி வரை. "எது சரின்னு தீர்ப்பு சொல்றதுக்கு நான் இங்க உக்காரல. வாசிக்கிறவங்க குழம்பக்கூடாது" என்றார். இருநூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாதாடி வந்த ஒரு விஷயத்தில் இதைவிடப் பக்குவமான நிலைப்பாட்டை நான் கேட்டதில்லை.

கொட்டகையில் ஒரு பழைய ஒற்றை நிற ஆப்செட் இயந்திரம். டெமி தாள் எடுக்கும். ஒரு தாளில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு, ஆக 16 பக்கம். அதுதான் ஒரு பாரம். இதழுக்கு இரண்டு பாரம், நான்கு பிளேட். தாளை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் பின் அடித்தால் இதழ். பிளேட்டில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் 32, நான்குக்குப் பக்கத்தில் 29. இயந்திரம் ஓட்டுகிற தம்பி ஒவ்வொரு ஜோடியையும் வாய்க்குள் கூட்டிப் பார்க்கிறார்.

"கூட்டினா 33 வரணும் சார். ஆண்டவரோட வயசு. அதனால மறக்காது."

மழைக்காலம் அவருக்குப் பகை. தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓரம் அலை அலையாகச் சுருளும். இயந்திரம் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். அதற்காகவே காகித அறையில் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரிகிறது. ஆப்செட் முறையே எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்பது. பிளேட்டில் எழுத்துள்ள இடம் மையை வாங்கும், மற்ற இடம் தண்ணீரை வாங்கி மையைத் தள்ளும். தண்ணீர் கூடினால் எழுத்து வெளுக்கும். குறைந்தால் தாள் முழுக்கக் கறை. தம்பி இருநூறு தாளுக்கு ஒரு முறை ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அன்று கெட்டுப்போன தாள்கள் ஒரு முழங்கால் உயரம் சேர்ந்தன. அவற்றின் வெறும் ஓரங்களை வெட்டி, டீச்சருக்குக் குறிப்புத்தாள் கட்டுகிறார்கள்.

ஒரு பாரம் 16 பக்கம் என்று அவர் சொன்னபோது எனக்கு 'தம்பிரான் வணக்கம்' நினைவுக்கு வந்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சானது. அதுவும் 16 பக்கம்தான். அதை ஆக்கிய ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார், நம் பக்கத்தில் அண்டிரிக் அடிகளார், நெடுங்காலம் வாழ்ந்தது புன்னைக்காயலில். பாளையங்கோட்டையைத் தொட்டு ஓடும் தாமிரபரணி கடலில் சேரும் இடம். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே வாசிக்கப் போகிற ஜனங்களின் காசு இருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

பிற்பகலில் அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் ஒரு வாக்குவாதம். எழுத்தின் அளவு பற்றி. சந்தாதாரர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி மாதந்தோறும் கடிதம். பெரிதாக்கினால் 32 பக்கம் 40 ஆகும். காகிதம், பிளேட், தபால் எடை எல்லாம் ஏறும்.

இதுவும் பழைய வழக்குதான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அடித்தால் இருக்கிற காகிதம் காணாது. இந்தியாவிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. காகிதத்துக்காகப் பொறையாரில் ஓர் ஆலையும் எழுந்தது. முந்நூறு ஆண்டுக்கு முன் காகிதம் ஜெயித்தது. இங்கே டீச்சர் ஜெயித்தார். கட்டுரைகளை இரண்டு குறைத்து, மீதியைப் பெரிய எழுத்தில் போடுவதாக முடிவாயிற்று. விடப்பட்டவற்றில் ஒன்று அண்ணாச்சி எழுதியது. அவர் முகம் கோணாமல் அதை எடுத்துப் பெட்டியில் வைத்தார். புரை விழுந்த கண்ணோடு தாளை மூக்குக்குக் கிட்டே பிடித்திருந்த ஆச்சியை அறிந்த எனக்கு, அது சரியான முடிவு.

மறுநாள் மடிப்பு. நான்கு பெண்களும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, மூங்கில் சில்லால் தாளை நீவி மடிக்கிறார்கள். தடித்த புத்தகமென்றால் பசை காய்ச்ச வேண்டும். மைதா மாவோடு கொஞ்சம் மயில்துத்தம். பூச்சி அரிக்காது. பேச்சு ஓயவில்லை, கையும் ஓயவில்லை. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், அசனப் பண்டிகைக்கு யார் வீட்டில் எவ்வளவு அரிசி, மழையில் ஒழுகும் கூரை.

கூலி எண்ணிக்கைக் கணக்கில். எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேன். குறைவு. வேறு அச்சகங்களில் தருவதற்குச் சமம்தான் என்று அண்ணாச்சி சொன்னார், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் ஊழியம் என்ற சொல் கூலிக் கணக்கை மூடிவிடக்கூடாது. வசனம் அச்சடிக்கும் இடத்தில் வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதை அவரிடமே சொன்னேன். மறுக்கவில்லை. "அஞ்சாந்தேதிக்குள்ள எல்லாருக்கும் குடுத்துருவேன். அதுக்குப் பிறகுதான் பேப்பர் கடைக்கு. கூட்டித் தரணும். சந்தா கூடணும்" என்றார். சந்தாவைத் தம் வாயால் உயர்த்த அவருக்கு மனசு வரவில்லை. அந்தத் தயக்கத்தின் விலையைப் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கொடுக்கிறார்கள் என்பது என் முடிவு.

கடைசி அறை அனுப்புகை. அங்கே ஓர் அக்கா, வயது ஐம்பதுக்கு மேல். நாலாயிரத்துச் சொச்சம் விலாசங்களும் கணினியில் இருக்கின்றன. ஆனாலும் மரப்பெட்டி அட்டைகளை அவர் விடவில்லை. மேலுறை ஒட்டிய இதழ்களைப் பின்கோடு வாரியாக அடுக்குகிறார். 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி, 629 கன்னியாகுமரி. இந்த மூன்றுமே பாதிக் கட்டு. பிறகு சென்னை. வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு ஒரு சிறு கட்டு. 400017-க்கு ஒரு கட்டு, அது தாராவி. நம் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்கள்.

"முன்ன மணியார்டர்ல சந்தா வரும் தம்பி. கூப்பன்ல ரெண்டு வரி எழுதியிருப்பாங்க. மகளுக்குக் கலியாணம், ஜெபிச்சுக்கோங்கன்னு. இப்ப போன்ல பணம் வருது, விலாசம் வரல. யாருன்னு தேடி எடுக்கதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிருது."

அவர் மேசையின் இடப்பக்கம் ஒரு சாக்கு. திரும்பி வந்த இதழ்கள். மேலுறையில் தபால்காரர்களின் கையெழுத்து: வீடு மாறிவிட்டார், கதவு பூட்டியுள்ளது, இறந்துவிட்டார். கடைசி வகை வந்தால் அக்கா உடனே பெயரை அடிப்பதில்லை. அந்த வீட்டுக்கு ஒரு அட்டை எழுதுகிறார். துக்கத்தில் பங்குகொள்கிறோம், இதழை வேறு யாராவது வீட்டில் வாசிக்க விரும்பினால் எழுதுங்கள். பதில் அபூர்வம். ஆறு மாதம் பார்த்துவிட்டு அட்டையை எடுத்து வேறொரு பெட்டியில் வைக்கிறார். காலை ஜெபத்தில் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. தூக்கியும் எறிவதில்லை.

ஆச்சியின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அக்கா அந்த இரண்டாம் பெட்டியில் விரலை ஓட்டி, ஐந்து நிமிடத்தில் அட்டையை எடுத்தார். மூலையில் பென்சிலால், 'பதில் இல்லை'. அவர் எழுதிய அட்டை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதை நாங்கள் எங்கே போட்டோம் என்று எனக்கு நினைவே இல்லை.

அந்த அட்டையிலேயே என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை முதல் பெட்டியில், 628-இன் வரிசையில் வைத்தார். "இப்ப இருக்கது சென்னையா? அப்ப 600-ல வைக்கணும்" என்று மறுபடி எடுத்து மாற்றினார். ஒரு வருஷச் சந்தாவோடு ஆச்சிக்காக மூன்று வருஷத்துக்கானதையும் கட்டினேன். ரசீதில் அவள் பெயரைத்தான் எழுதினார்.

இப்படி ஒரு சிற்றிதழ், எந்தச் சபையுடையதானாலும் எந்த மதத்துடையதானாலும், உங்கள் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கலாம். இன்று அதன் மேலுறையைப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் இப்போது இல்லையென்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். தொடர்ந்து வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள். போனில் பணம் அனுப்பினால் பெயரும் விலாசமும் சேர்த்து அனுப்புங்கள். பின்கோடை மறக்காதீர்கள்.