மல்லாட்டை போன வழி

மார்சேயில் இப்போது கடல் நன்றாகத் தெரிகிறது. 2013-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டம் கிடைத்தபோது பழைய துறைமுகத்தின் கரையிலிருந்து கார்களை அப்புறப்படுத்தினார்கள். நார்மன் ஃபாஸ்டர் அங்கே மெருகேற்றிய எஃகுக் கூரை ஒன்றை மெல்லிய தூண்கள்மேல் நிறுத்தினார். வருகிறவர்கள் அதனடியில் நின்று, தலைகீழாகத் தெரியும் தங்களையே படமெடுத்துக்கொள்கிறார்கள். ஜே-4 என்று எண் போட்டிருந்த சரக்குத் துறையில் ருதி ரிச்சொத்தி வடிவமைத்த முசெம் அருங்காட்சியகம் நிற்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1989-இல் நான் வந்து சேர்ந்தபோது ஜொலியெத் துறைமுகப் பக்கம் நடந்தால் கடல் கண்ணில் படாது. கிடங்குகளும் கம்பிவேலியும் மறைத்துக்கொண்டு நிற்கும். சங்கு ஊதினால் அப்பால் கப்பல் நிற்கிறது என்று தெரிந்துகொள்வோம். இன்றைக்கு கோர்சிகாவுக்கும் அல்ஜியர்ஸுக்கும் போகிற கப்பல்களும் உல்லாசக் கப்பல்களும் அங்கே வருகின்றன. சரக்கில் பெரும்பகுதி எப்போதோ மேற்கே ஃபோஸ் வளைகுடாவுக்குப் போய்விட்டது. வேலை போன பிறகுதான் கடலைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில், திருக்கனூருக்குப் பக்கம். மேட்டு நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார்கள். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மல்லாட்டைக்கு மார்சேய் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டுக் கொட்டை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரி வழியே இங்கேதான் வந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை போட்ட பிறகு அது இன்னும் சுலபமாயிற்று. கப்பல் அண்டி நிற்கும் துறை புதுச்சேரியில் கிடையாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குச் சலங்குப் படகுகள் அலையைத் தாண்டி மூட்டைகளைக் கொண்டுபோகும். மார்சேய் ஆலைகள் அதை ஆட்டி எண்ணெய் எடுத்தன. அதில் ஒரு பங்கு சோப்பாயிற்று. ஆலிவ் எண்ணெயில் காய்ச்சினால் பச்சை சோப்பு. மல்லாட்டை, கொப்பரை, பாமாயில் என்று கடல் கடந்து வந்த எண்ணெய்களில் காய்ச்சினால் வெள்ளை. 72% என்று முத்திரை குத்திய அந்தக் கனசதுரக் கட்டியைப் பெரியப்பா வெள்ளையில்தான் வாங்குவார். “பச்சை அவனுங்களுது. இது நம்ம கொட்டைடா” என்பார். மல்லாட்டை வருவது நின்று எத்தனையோ காலமாகியிருந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பெரியப்பா சொல்தா. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை வேறு பெயரில் யாரும் அழைப்பதில்லை. இந்தோசீனாவில் சண்டை போட்டு, 1954-க்குப் பிறகு சைகோனிலிருந்து ‘பாஸ்தேர்’ என்ற துருப்புக் கப்பலில் மார்சேய் வந்து இறங்கியவர். பிறகு அல்ஜீரியா. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஊரிலேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. “நெலத்த வுட்டுட்டு எங்க போறது” என்று இருந்துவிட்டார். வெளிநாட்டில் இருந்த பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையே இல்லை. சும்மா இருந்தாலே அவர் பிரெஞ்சுக்காரர்தான். ஆக, ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரும் சும்மாதான் இருந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். இருபத்தேழு வருடம் கழித்துக் கணிதம் படிக்க வந்த நான் இங்கே அயல்நாட்டான். எனக்குத் தங்க இடம் தருவதாகக் கையெழுத்துப் போட்டவர் பெரியப்பா.

சேன் ஷார்ல் ரயில் நிலையம் குன்றின்மேல் இருக்கிறது. வாசலில் நின்றால் ஊர் முழுக்கக் கீழே. எதிரே வெகு தூரத்தில் நோத்ர்தாம் கோவிலின் உச்சியில் தங்க முலாம் பூசிய மாதா. இறங்குவதற்கு 104 படிகள். 1920-களில் கட்டிய அந்தப் படிக்கட்டின் அடிவாரத்தில் இரண்டு கல் பெண்கள் சாய்ந்து கிடக்கிறார்கள். ஒருத்தி ஆப்பிரிக்கக் காலனிகள், இன்னொருத்தி ஆசியக் காலனிகள். பெட்டியைத் தூக்க மாட்டாமல் ஆசியக்காரியின் பக்கத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். “இவதான் நம்மாளு, கும்பிட்டுக்க” என்றார் பெரியப்பா. கேலியா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அவருடைய அறை பெல்சன்ஸ் பகுதியில். படியிறங்கியவன் முதலில் போய்ச் சேருகிற இடம் அது. ஆர்மீனியர்கள், இத்தாலியர்கள், அல்ஜீரியர்கள் என்று அலை அலையாக அங்கே வந்து தங்கி, காலூன்றிய பிறகு வேறிடம் போனார்கள். சந்து சந்தாக மொத்தத் துணிக்கடைகள். அல்ஜீரியாவிலிருந்து கப்பலில் வந்து, துணியும் சாமான்களும் வாங்கிக் கட்டிக்கொண்டு அதே கப்பலில் திரும்புகிறவர்களின் கூட்டம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த அல்ஜீரியக் கபீல்காரர் ஒருவர் எனக்கு இந்த ஊரில் பாதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். எந்தக் காகிதத்துக்கு எத்தனை நகல், புகைப்படம் எந்தக் கடையில் மலிவு, கார்த் தெ செழூர் என்ற வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க எந்த நேரத்தில் போய் நின்றால் உள்ளே நுழையலாம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அயல்நாட்டார் காகிதங்களைப் பார்க்கும் அலுவலகத்தின் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை கூடிவிடும். மிஸ்த்ரால் காற்று வீசுகிற சனவரி விடியலில் அங்கே நிற்பது இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் காது வலிக்கிறது. ஆனால் அந்த வரிசையில்தான் கொமோரோஸ்காரர்களையும் துனீசியர்களையும் வியட்நாமியர்களையும் பழகிக்கொண்டேன். காப்பிக் குடுவை கைமாறும். யாருக்காவது விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் படித்த பையன் என்று என்னிடம் தள்ளுவார்கள். பத்து வருட அட்டை என்பதை அங்கே தங்கத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசுவார்கள். 1984-இல் வந்த சட்டம் அது.

காலையில் கனெபியேரிலிருந்து 21-ஆம் எண் பேருந்து பிடித்து லுமினி வளாகத்துக்குப் போவேன். சுண்ணாம்புப் பாறைகளுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே கணித வகுப்பு. சாயங்காலம் திரும்பி நோவாய் சந்தையில் இறங்கினால் கொத்தமல்லி வாசனை. வெண்டைக்காய், பச்சை மிளகாய், சேனைபோன்ற கிழங்குகள், உப்புக் கருவாடு எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலை மட்டும் கிடைக்காது. ஊரிலிருந்து வருகிறவர்கள் காயவைத்து எடுத்து வருவதுதான். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் பழைய துறைமுகத்துக்குப் போவார். மீன்காரம்மாக்கள் வாய்க்கு அஞ்சி ஊரே ஒதுங்கிப் போகும், இவர் மட்டும் அவர்களோடு மல்லுக்கட்டுவார். விலை குறைந்ததோ இல்லையோ, திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கும். எஸ்தாக் கரையில் கொண்டைக்கடலை மாவைக் கிளறி ஆறவைத்துத் துண்டுபோட்டுப் பொரித்து விற்கும் பனிஸ் அவருக்கு உயிர். அதைத் தேங்காய்ச் சட்னியோடு தின்ற ஒரே மார்சேய்க்காரர் அவராகத்தான் இருக்கும்.

1990-இல் இந்த ஊரில் ஒரு பழைய படம் திரைக்கு வந்தது. போல் கார்பித்தா என்ற பள்ளி ஆசிரியர், துறைமுகத் தொழிலாளிக்கும் மீன்காரிக்கும் பிறந்தவர், 1950-களின் தொடக்கத்தில் எடுத்தது. இந்தோசீனப் போருக்கு ஆயுதம் ஏற்ற மாட்டோம் என்று ஜொலியெத் தொழிலாளிகள் செய்த வேலைநிறுத்தம்தான் கதைக்களம். 1955-இல் அரசு அதைத் தடைசெய்து பறிமுதல் செய்தது. முப்பத்தைந்து வருடம் அது வெளியில் வரவில்லை. பெரியப்பாவை அழைத்துப் போனேன். துறைமுகக் காட்சிகள் வந்தபோது கிடங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தவர், தொழிலாளிகள் வேலையை நிறுத்தியதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். வெளியே வந்து ஒரு சிகரெட் முடியும்வரை காத்திருந்தேன்.

“இவனுங்க ஏத்தலன்னா நாங்க அங்க எதால சுடறது?” என்றார்.

கோபமாகத்தான் ஆரம்பித்தார். நாலு அடி நடந்ததும் குரல் மாறிவிட்டது. காயம்பட்டவர்களை இரவில்தான் இறக்குவார்கள் என்றார். தன்னைப் பகலில் இறக்கினார்களாம், கை கால் ஒழுங்காக இருந்ததால். கரையில் நின்ற ஒருவன் காறித் துப்பினானாம். இன்னொருவன், அவனும் மூட்டை தூக்குகிறவன்தான், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இவர் வாயில் வைத்தானாம். “ரெண்டு பேரும் ஒரே சட்டைதாண்டா போட்டிருந்தானுங்க” என்றார். இந்த ஊரைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைப் படித்திருக்கிறேன். அந்த நாலு வரிக்கு ஈடாக ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

1993 மே 26. மியூனிக்கில் ஏசி மிலானுக்கு எதிரான ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தில், இடைவேளைக்குச் சற்று முன் மார்சேய் அணியின் பசில் பொலி தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. அபிஜானில் பிறந்த ஆள். அன்றிரவு பெல்சன்ஸில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்லி மாளாது. கபீல்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு சாமான்கூடத் திருட்டுப் போகவில்லை என்று மறுநாள் அவரே நம்பாமல் இரண்டு முறை எண்ணினார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1995-இல் யூரோமெதித்தெரானே என்ற பெருந்திட்டம் ஜொலியெத்தைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தது. பிராங்கு போய் யூரோ வந்தது. பெல்சன்ஸில் எப்போதோ பூட்டிய அல்காசார் இசையரங்கு 2004-இல் நூலகமாகத் திறந்தது. உண்மையிலேயே நல்ல நூலகம், புலம்ப ஒன்றுமில்லை. துணிக்கடைகள் குறைந்தன. கபீல்காரர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார்; காலமாவதற்கு முந்தைய வருடம்கூட நடந்துபோய் மீன் வாங்கினார்.

புதுச்சேரிக் கடற்கரையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் மழைக்கு இடிந்து விழுந்தபோது இங்கிருந்தபடி படங்களைப் பார்த்து வருந்தினேன். உயிர்ச்சேதம் இல்லை, பின்னால் அதே உருவில் எழுப்பினார்கள். நாலு வருடம் கழித்து, 2018 நவம்பர் 5-ஆம் தேதி காலை, நான் வெண்டைக்காய் வாங்கிய நோவாயில், ஒபாஞ் தெருவின் 63, 65 எண் வீடுகள் சரிந்தன. எட்டுப் பேர் செத்தார்கள். கடலோரத்துக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கு சற்று உள்ளே தள்ளி வந்திருக்கலாம் என்று அப்போது ஊர்வலம் போனவர்கள் சொன்னார்கள். நானும் அதில் போனேன்.

போன வருடம் என் தங்கை மகள் வேலைக்காக இங்கே குடிவந்தாள். வேலை, ஜொலியெத்துக்கு வடக்கே சஹா ஹதித் வடிவமைத்த, சிஎம்ஏ சிஜிஎம் கப்பல் கம்பெனியின் கோபுரத்தில். கம்பெனியை நிறுவிய ஜாக் சாதேவும் வந்தேறியவர்தான். 1978-இல் லெபனான் போருக்குத் தப்பி பெய்ரூத்திலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் சைகோனுக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட மெசஜெரி மரித்தீமின் வாரிசும் பெயர் மாறி, கைமாறிக் கடைசியில் அந்தக் கம்பெனிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. நான் வாடகைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அலுவலகத்துக்குக் கூடப் போக வேண்டியிருக்கும் என்று விடுப்புச் சொல்லி வைத்திருந்தேன்.

“அதெல்லாம் வேணாம் மாமா. வீடு கம்பெனியே பாத்துட்டாங்க. பேப்பரெல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிது” என்றாள்.

விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். மீன்குழம்பு வைத்திருந்தேன். சொல்தா தாத்தா எங்கே இறங்கினார் என்று கேட்டாள். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன், கைபேசியில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, “ஓ, முசெம் பக்கம்” என்றாள். நாலு மணிக்கு, கத்தலான் கடற்கரையில் நீந்த நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெரியப்பா அந்தக் கடலில் கால் நனைத்து நான் பார்த்ததில்லை.