ஒரு பெயர், நான்கு பேர்

வீணைக்கும் நாகசுரத்துக்கும் பழகிய செவிக்கு, பங்க் என்னும் மேனாட்டு இசை இரைச்சலாகவே தோன்றும். எனினும், அலுவலக நண்பர் ஒருவர் சொல்ல, ரமோன்ஸ் குழுவினரின் முதல் இசைத்தட்டை எங்கள் இல்லத்தில் கேட்டோம். 1976-ஆம் ஆண்டு வெளிவந்தது அது. ஏறத்தாழ 6,400 டாலர் செலவில் பதிவான 14 பாட்டுக்கள். மொத்தம் 29 நிமிடங்களே. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 111-ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. தங்கத்தட்டுச் சிறப்பு 2014-இல்தான் கிட்டியது.

பாட்டைவிட எங்கள் மனத்தில் தைத்தது அவர்கள் சூடிய பெயரே. நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜோயி, ஜானி, டீ டீ, டாமி ஆகிய நால்வரும் உடன்பிறந்தாரல்லர். டாமியோ ஹங்கேரியில் பிறந்து குடியேறியவர். ஆயினும் அனைவரும் 'ரமோன்' என்னும் ஒரே குடும்பப் பெயரை விரும்பி ஏற்றனர்.

பிற்காலத்தில் ஜோயியும் ஜானியும் பல்லாண்டுகள் பேச்சற்றிருந்தனர். அப்படியிருந்தும் 1996-இல் குழு கலையும் வரை ஒரே மேடையில் நின்றனர். சமாதானம் ஆகாமலே 2001-இல் ஜோயி மறைந்தார்.

அன்பர்களே, தஞ்சையும் நெல்லையும் கோவையும் இந்த ரயில்வே குடியிருப்பில் 'அண்ணா', 'அக்கா' என்னும் சொற்களால் அன்றோ ஒரு குடும்பமாயின? சென்ற ஆண்டு விழாக் கணக்கில் எழுந்த மனத்தாங்கலால் நம்மில் இரு வீட்டார் இன்றும் பேசுவதில்லை. மாற்றல் உத்தரவு எவருக்கு எந்நாள் வருமோ, யாரறிவார்? வரும் பொங்கல் விழாவில் இரு வீட்டாரும் ஒரே பந்தியில் அமர வேண்டும். அமர்ந்தால் போதாது, பேசவும் வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.