சூரத்துக்குப் போன தூத்துக்குடி வக்கீல்

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான்களின் அரண்மனையும் சித்தன்னவாசல் ஓவியமும் நேயர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. நான் சொல்லப்போவது அந்தப் புதுக்கோட்டையை அன்று. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடலை நெருங்குவதற்குச் சற்று முன்பாக, அதே பெயரைச் சுமந்துகொண்டு ஓர் ஊர் இருக்கிறது. அரண்மனை கிடையாது, ஓவியம் கிடையாது. சாலையின் இரு மருங்கிலும் பனையும் உடையும் நிற்கின்றன. துறைமுகத்தை நோக்கிச் சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. லாரிக்காரர்களுக்கும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கும் தேநீர் தருகிற கடைகள்தாம் இவ்வூரின் ராஜ சபைகள்.

2024-ஆம் வருஷத்து ஆரம்பத்தில் அப்படிப்பட்ட ஒரு சபையில் நானும் அமர்ந்திருந்தேன். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஸ்தானத்துக்கு டிரம்பும் நிக்கி ஹேலி அம்மையாரும் மோதிக்கொண்டிருந்த சமயம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கடைக்காரர் என்னைக் கேட்டார்: “ஏன் சார்வாள், ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே? இப்படி ஏசிக்கிட்டா, பொறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒண்ணாப் போயி ஓட்டுக் கேப்பாவ?”

“அண்ணாச்சி, இதற்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். உங்கள் துறைமுகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அவர் பட்ட பாட்டைப் பார்த்தாலே தெரியும்” என்றேன். பஸ் வந்துவிட்டபடியால் பேச்சு அதோடு நின்றது. அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுக்கோட்டையை விட்டுக் கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறுகிறது. கோரம்பள்ளம் குளத்தைத் தாண்டினால் நகரத்தின் இரைச்சல் தொடங்கிவிடும். கடற்கரைச் சாலையில் பனிமய மாதா கோவிலின் வெண்மை கண்ணைப் பறிக்கிறது. பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கக் காணலாம். பெரிய கப்பல்களெல்லாம் 1974-ல் பெருந்துறைமுகமான புதிய துறைக்குப் போய்விடுகின்றன. அந்தத் துறைதான் 2011 முதல் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தக் கரையின் புராதனத் தொழிலாகிய முத்துக்குளிப்பு இன்று பேச்சளவில்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் குளிப்பு நடந்த நாட்களில் எடுத்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, இரண்டு கூற்றைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, ஒன்றை மூழ்கி எடுத்தவனுக்குக் கொடுத்தார்கள். சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவது வழக்கம். சிப்பியை உடைத்துப் பார்த்து வாங்க முடியாது. உள்ளே முத்து இருக்கிறதா, அழுகல்தான் இருக்கிறதா என்பது பணம் கொடுத்த பிறகே தெரியும். அரசியல் கட்சிகள் தலைவரைப் பொறுக்குவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஏலத்திலாவது கூறு போடும் விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. சூரத்தில் அதுவும் இல்லை.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் செய்த சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கொழும்புக் கட்டணத்தைத் தாழ்த்திக்கொண்டே போய், கடைசியில் இனாமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தார்கள் என்று இவ்வூரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களும் 1907-ல் வந்து சேர்ந்தன. கப்பல்களை ஓட்டுவதற்கே இருபத்துநான்கு மணி நேரம் போதாத அந்த வருஷத்தின் கடைசியில் பிள்ளையவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சூரத் நகரத்துக்கு ரயில் ஏறினார். காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனர் யார் என்ற போட்டிக்காக!

இந்தப் போட்டி ஒரு வருஷம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 1906-ல் கல்கத்தாக் காங்கிரசுக்குத் திலகரை அக்கிராசனராக்க வேண்டும் என்று புதிய கட்சியார் முயன்றார்கள். நிதானக் கட்சியார் நேராக எதிர்க்கவில்லை. 81 வயதான தாதாபாய் நௌரோஜியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிட்டார்கள். அந்தப் பெரியவரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு நா எழும்? திலகரின் பெயர் தானாகவே பின்வாங்கியது. (‘தீவிரவாதிகள்’ என்று அக்காலத்தில் புதிய கட்சியாரைச் சொல்லுவார்கள். அச்சொல்லுக்கு இப்போது வேறு அர்த்தம் ஏற்பட்டுவிட்டபடியால் நான் தவிர்க்கிறேன்.)

அந்தக் கல்கத்தா சபையிலேயே ஒரு விதி ஏற்பட்டது. மாகாணக் கமிட்டிகள் பெயர்களைச் சொல்ல வேண்டும். சபை கூடும் ஊரின் வரவேற்புக் கமிட்டி நான்கில் மூன்று பங்கு ஓட்டுடன் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் மத்தியக் கமிட்டியின் தீர்ப்பே முடிவு. பார்வைக்கு நியாயமான விதிதான். ஆனால் நான்கில் மூன்று என்பது எளிதில் கிட்டாத எண். கிட்டாவிட்டால் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

1907-ல் சபை நாகபுரியில் கூடுவதாக இருந்தது. நாகபுரி மராத்தியர் மிகுந்த பிரதேசம். திலகருக்குச் செல்வாக்கான ஊர். அங்குள்ள வரவேற்புக் கமிட்டியில் எந்தக் கட்சிக்கும் முக்கால் பங்கு கிடைக்கவில்லை. கூட்டங்கள் கூச்சலில் கலைந்தன. நவம்பர் மாதம் பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தாவின் இல்லத்தில் மத்தியக் கமிட்டி கூடி, சபையையே சூரத்துக்கு மாற்றிவிட்டது. சூரத் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. மேத்தாவின் வார்த்தைக்கு மதிப்புள்ள இடம். அதைவிட முக்கியமான லாபம் வேறொன்று. சபை கூடும் மாகாணத்தைச் சேர்ந்தவர் அதற்கு அக்கிராசனம் வகிப்பதில்லை என்பது சம்பிரதாயம். புனாக்காரரான திலகர் ரயில் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே போட்டியிலிருந்து நீங்கிவிட்டார்! ஒரு ஓட்டும் எண்ணப்படவில்லை. ஊரின் பெயரை மட்டும் மாற்றினார்கள்.

அந்நாளில் பிரதிநிதிகளுக்கு இன்றைப்போல் கணக்கு வரம்பு இருக்கவில்லை என்பதையும் நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஏதேனும் ஒரு சங்கமோ பொதுக்கூட்டமோ தேர்ந்தெடுத்து அனுப்பினால் அவர் பிரதிநிதி. ஆகவே பக்கத்து ஜில்லாக்காரர்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். தூத்துக்குடியிலிருந்து போகிறவர் மூட்டை கட்டி, சென்னை போய், பம்பாய் போய், அப்புறம் சூரத் போக வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து புதிய கட்சியார் ஒரு கோஷ்டியாகப் புறப்பட்டார்கள். அவர்களுள் பாரதியாரும் இருந்தார். அவர் பிறகு ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’ என்று ஒரு சிறு புத்தகமே எழுதினார். எதிர்க் கட்சியில் நின்ற சென்னை வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்தாம் அதே 1907-ல் பாரதியாரின் தேசிய கீதங்களை அச்சடித்து இலவசமாக வழங்கியவர் என்பதை நினைக்கும்போது, அக்காலத்து மனிதர்களின் தாராளம் நமக்குக் கொஞ்சம் வெட்கத்தைக்கூட உண்டுபண்ணுகிறது.

திலகருக்கு வழி அடைபட்டதும், மாண்டலே சிறையிலிருந்து அப்போதுதான் விடுதலையான லாலா லஜபதி ராயின் பெயரைப் புதிய கட்சியார் முன்வைத்தார்கள். நல்ல யுக்தி! நாடு கடத்தப்பட்டு வந்த வீரரை மறுக்கிறவன் ஜனங்களிடம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் லாலா, தம் பெயரால் மகாசபை பிளவுபடக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார். நிதானக் கட்சியார் தேர்ந்தெடுத்திருந்த ராஷ்பிஹாரி கோஷே எஞ்சினார். அவருடைய அக்கிராசனப் பிரசங்கம் சபையில் நிகழ்த்தப்படு முன்பே கல்கத்தாப் பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. புதிய கட்சியாரைத் தாக்கும் பகுதிகள் அதில் இருந்தமையால் எரிகிற நெருப்பில் எண்ணெயும் வார்த்தாகிவிட்டது. முந்தைய வருஷத்துத் தீர்மானங்களைத் தளர்த்தப் போகிறார்கள் என்ற சந்தேகம் வேறு இருந்தது.

டிசம்பர் 26-ந் தேதி, ஏறக்குறைய 1,600 பிரதிநிதிகளின் முன்னிலையில் கோஷின் பெயர் பிரேரேபிக்கப்பட்டது. சுரேந்திரநாத் பானர்ஜி ஆமோதித்துப் பேச எழுந்ததும் கூச்சல் கிளம்பியது. சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. 27-ந் தேதி கோஷ் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். தாம் பேச வேண்டும் என்று முன்னமே சீட்டு அனுப்பியிருந்த திலகர் மேடை ஏறிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், இறங்க மறுத்தார். ஒரு மராத்திச் செருப்பு பறந்து வந்து பானர்ஜியின் மேல் பட்டு மேத்தாவின் மேலும் பட்டது. நாற்காலிகள் எழுந்தன, தடிகள் எழுந்தன, போலீசார் வந்து பந்தலைக் காலி செய்தார்கள். அங்கே இருந்த நெவின்சன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

புதிய கட்சியார் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தலை எண்ணிக்கையில் இல்லாத பலத்தைத் தொண்டையில் காட்ட முயன்றது அவர்களுடைய தவறு. ஆனால் முதல் தவறு பம்பாயில் நடந்தது. ஆட்டம் தோற்கும்போல் இருக்கிறது என்று களத்தையே தூக்கிக்கொண்டு போகிறவன், எதிரி விதிப்படி ஆடவில்லை என்று புகார் சொல்வதில் அர்த்தம் இல்லை.

அமெரிக்கர்களுக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. சூரத்துக்குச் சரியாக நான்கரை வருஷங்களுக்குப் பிறகு. 1912-ல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகத் தியடோர் ரூஸ்வெல்ட் மறுபடியும் நிற்க விரும்பினார். பதவியிலிருந்த டாப்ட் விட்டுக் கொடுக்கவில்லை. சில ராஜ்யங்களில் கட்சியின் வாக்காளர்களே நேராக ஓட்டளிக்கும் உட்கட்சித் தேர்தல் அப்போது புதிதாக வந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை ரூஸ்வெல்ட் ஜயித்தார்; டாப்டின் சொந்த ராஜ்யமாகிய ஒஹையோவையும் ஜயித்தார். ஆனால் சிகாகோ மாநாட்டில் எந்தப் பிரதிநிதி உண்மையானவர் என்று தீர்ப்புச் சொல்லும் கமிட்டி டாப்டின் ஆட்கள் கையில் இருந்தது. தகராறான ஆசனங்களில் மிகப் பெரும்பாலானவை டாப்டுக்கே போயின. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக் கட்சி கண்டார். நவம்பரில் இருவரும் தோற்றார்கள். உட்ரோ வில்ஸன் ராஷ்டிரபதியானார்.

அந்த வில்ஸன் வேட்பாளரான கதையும் ருசிகரமானது. ஜனநாயகக் கட்சியின் பால்டிமோர் மாநாட்டில் சாம்ப் கிளார்க் என்பவர் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டார். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது அந்தக் கட்சியின் விதி. அது அவருக்குக் கிட்டவே இல்லை. 46-வது சுற்றில் வில்ஸன் வென்றார். 1924-ல் இதே விதியின் புண்ணியத்தால் நியூயார்க்கில் 103 சுற்றுகள் ஓட்டெடுத்தார்கள்! 1936-ல்தான் அவ்விதியை ரத்து செய்தார்கள். நம் முத்துக்குளிப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சர்க்கார் கேட்டது; ஆனால் அவர்களுக்கு அது முதல் சுற்றிலேயே கிடைத்துவிட்டது.

இப்போதெல்லாம் அங்கே பிரதிநிதிகளில் பெரும்பாலோர் உட்கட்சித் தேர்தல்களின் மூலமே நிர்ணயமாகிறார்கள். ஆயினும் முதலில் ஓட்டளிக்கும் ராஜ்யம் எது என்பதற்குச் சண்டை ஓயவில்லை. தன் தேர்தலே முதலாவதாக நடக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யம் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. முதலில் ஜயித்தவன் பின்னால் பணம் கொண்டவர்களை இழுத்துக்கொள்கிறான். நாகபுரியா சூரத்தா என்ற கேள்வி அங்கே ஜனவரியா மார்ச்சா என்று வேஷம் மாறி வருகிறது.

நம் காங்கிரசிலும் ஒரு முறை அமெரிக்கர்களுடையதைப் போன்ற தேர்தல் நடந்ததுண்டு. 1939 ஜனவரி 29-ந் தேதி பிரதிநிதிகள் தத்தம் மாகாணங்களிலேயே ஓட்டளித்தார்கள். சுபாஷ் போஸ் 1,580. பட்டாபி சீதாராமய்யா 1,377. எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை. ஆனாலும் காரியக் கமிட்டியின் ஒத்துழைப்பில்லாமல் போஸ் ஏப்ரலில் ராஜிநாமாச் செய்ய நேர்ந்தது. ஓட்டில் ஜயிப்பதும் கட்சியில் ஜயிப்பதும் ஒன்றல்ல போலும்.

சூரத்துக்குத் திரும்புவோம். பந்தல் கலைந்த மறுநாளே நிதானக் கட்சியார் தனியாகக் கூடினார்கள். 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் புதிய சட்டதிட்டங்கள் எழுதி, அதில் கையெழுத்திடுகிறவனே பிரதிநிதி என்றார்கள். புதிய கட்சியாருக்குக் கதவு சாத்தப்பட்டது. 1916-ல் லக்னோவில்தான் திலகர் மறுபடி உள்ளே வந்தார். இந்த ஒன்பது வருஷ இடைவெளியில்தான் தூத்துக்குடியின் துர்ப்பாக்கியம் முழுவதும் நடந்தேறியது.

சூரத்திலிருந்து திரும்பிய சிதம்பரம் பிள்ளை 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்தினார். சில நாட்களில் ஆலைக்காரர் இறங்கி வந்தார்கள். மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். ஜூலையில் பின்ஹே என்ற நீதிபதி இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்தது. செக்கு இழுத்தது குறையவில்லை. கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. பெரிய கட்சி ஒன்று பின்னால் உடையாமல் நின்றிருந்தால், சர்க்கார் ஒரு ஜில்லா வக்கீலின் மேல் இவ்வளவு சுலபமாகக் கை வைத்திருக்குமா என்று பழைய துறைமுகத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். துணிந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சன்னது பின்னால் கிடைத்தது. காங்கிரசோடு ஒட்டியும் விலகியும் இருந்து, 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார். தம் கடைசி விருப்பமாக ஊர்க் காங்கிரஸ் ஆபீசுக்குத் தம்மை எடுத்துப்போகச் சொன்னார் என்றும், அங்கேதான் அவருடைய உயிர் பிரிந்தது என்றும் இவ்வூரார் சொல்கிறார்கள்.