யார் பாஸ்?

1962 ஏப்ரல் 6. நியூயார்க் கார்னகி ஹால். பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ ஆரம்பமாக வேண்டும். வாசிப்பவர் கனடாவின் க்ளென் கூல்ட், வயது 29. நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கை நடத்துபவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். கோலைத் தூக்க வேண்டியவர் ஜனங்களைப் பார்த்துத் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பயப்படாதீர்கள், கூல்ட் வந்திருக்கிறார் என்றார் முதலில். (கடைசி நேரத்தில் கச்சேரியை ரத்து செய்வதில் கூல்ட் பேர்போனவர்.) அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். இவர் வாசிக்கப்போகிற விதத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் நடத்துகிறேன், இவ்வளவு சீரியஸான கலைஞர் ஒன்றைச் சொன்னால் காதுகொடுக்க வேண்டும் என்றார். கான்செர்ட்டோவில் யார் பாஸ், வாசிப்பவரா, நடத்துபவரா என்றும் கேட்டுவைத்தார். சபையில் சிரிப்பு.

பிறகு 50 நிமிஷத்துக்கு மேல் வாசிப்பு. வழக்கத்தைவிட நிதானம். கைதட்டல் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் விமரிசகர் ஹெரால்ட் ஷோன்பெர்க் மட்டும், நண்பருக்குக் கடிதம் எழுதுகிற பாணியில் நக்கலாக ஒரு விமரிசனம் எழுதினார். மெதுவாக வாசிப்பதற்குக் காரணம் விரல்களில் தேர்ச்சி போதாததுதானோ என்று ஒரு குத்து. 1964-ல் கூல்ட் மேடைக் கச்சேரிகளையே விட்டுவிட்டார். இந்த ராத்திரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. அவருக்குச் சபை என்றாலே ஆகாது.

அந்த ஒலிப்பதிவு 1998-ல் சிடியாக வந்தது, பேச்சையும் சேர்த்து. வாங்கி, முதலில் பேச்சைக் கேட்டேன். அப்புறம் இசை. முதல் நிமிஷத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டேன். 'ஆமாம், ரொம்ப ஸ்லோ!' நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

இன்னொரு நாள் அதே சிடி. பேச்சைத் தாண்டி வைத்திருந்தேன். பையன் வந்து உட்கார்ந்து, "பியானோ எப்பப்பா வரும்?" என்றான். நியாயமான கேள்வி. முதலில் சில நிமிஷங்களுக்கு வாத்தியக்குழு மட்டும்தான். அவன் காத்திருக்கவில்லை. இரண்டாவது பகுதி ஓடும்போது மனைவி கூடத்துக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்று கேட்டுவிட்டு, "யாரோ உடம்பு முடியாம படுத்திருக்கற வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிராம்ஸ் இந்த இசையின் முதல் வடிவத்தில் இறங்கியது 1854-ல். அவரைக் கைதூக்கிவிட்ட ஷூமன் புத்தி பேதலித்து ரைன் நதியில் குதித்ததும் அந்த வருஷம்தான். காப்பாற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1856-ல் அங்கேயே இறந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டவள் அவள். நான் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைவிட வெட்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. 1980-களில் பெர்ன்ஸ்டைன் இதே கான்செர்ட்டோவை வியன்னாவில் கிறிஸ்டியன் ஸிமர்மனுடன் பதிவு செய்தார். அதுவும் கிட்டத்தட்ட அதே நேரம் ஓடுகிறது. அதை நான் பலமுறை ரசித்துக் கேட்டிருக்கிறேன். மெதுவு என்று ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. அதில் முன்னெச்சரிக்கைப் பேச்சு இல்லையே!

1859-ல் லைப்ஸிக் நகரத்தில் 25 வயது பிராம்ஸே இதை வாசித்தபோது சபையில் 'உஸ்ஸ்' என்று சீறினார்கள். சீறியது தப்புதான். ஆனால் சொந்தக் காதால் கேட்டுச் சீறினார்கள். என்னுடைய 'ஸ்லோ' பெர்ன்ஸ்டைனிடம் வாங்கிய கடன்.

இப்போதெல்லாம் உறையில் எழுதியிருப்பதை இசை முடிந்த பிறகுதான் படிக்கிறேன். எதுவும் சொல்லாமல் மனைவியிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன்.

"நீங்க முதல்ல சொல்லுங்க" என்கிறாள்.

அங்கேதான் கஷ்டம்.