காய்ச்சல் என்று எழுதினேன்

எங்கள் தெருவுக்கு லீவு லெட்டர் எழுதுகிற ஆள் நான்தான். திருவொற்றியூரில் பத்தாவது படிக்கும்போதே அந்த உத்தியோகம். 'விடுப்பு அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பிறகு எம்.ஏ. தமிழில் கற்ற எந்த நடையும் இத்தனை பேர் வயிற்றுக்கு உதவியதில்லை.

லெட்டரை யாரும் நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம். "நேத்து ஊத்திகினு படுத்திருப்பான்" என்பார் மேஸ்திரி. சேரிக்காரனுக்கு வருகிற காய்ச்சலும் அவர்களுக்குச் சாராயம்தான். அப்பா ஒருமுறை உடம்பு அனலாய்க் கொதிக்க கேட்டில் போய் நின்று, தொட்டுப் பாருங்க சார் என்றிருக்கிறார். தொடவில்லை. டாக்டர் சீட்டு கொண்டா என்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயந்திரம் வந்து, "கண்ணு, ரெண்டு நாள் லீவு வோணும். காய்ச்சல்னு எழுதிக் குடு" என்றது. அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தது. எழுதிக் கொடுத்தேன். அது போனபிறகுதான் அம்மா சொன்னாள்: மூணு மாசம், கலைஞ்சிடுச்சு.

"ஆஸ்பத்திரிக்குப் போயி சீட்டு வாங்கலாம்ல?"

"சீட்டுல அதத்தான எழுதுவாங்க? மேஸ்திரி எல்லார் எதிர்லயும் படிப்பான்."

மூன்றாம் நாள் அக்கா ஐஸ் தண்ணியில் கைவிட்டு நின்றது.

சங்க வேலைக்கு வந்தபிறகு சட்டத்தைப் படித்தேன். அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டும் வேலையைப் பேராசிரியர் அடார்கரிடம் கொடுத்தார்கள். 1944இல் அறிக்கை வந்தது. அதிலிருந்து பிறந்தது 1948ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம். எங்கள் தெருமுனையில் வருஷா வருஷம் அவர் படத்துக்கு மாலை போட்டோம். இது ஒருத்தருக்கும் தெரியாது.

அக்கா சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள், அப்போது 1.75 சதவீதம். கார்டு மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை பணம் உண்டு, ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. நான் எழுதியது சரியாக இரண்டு நாள். கருச்சிதைவு என்று இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி லோக்கல் ஆபீசில் கொடுத்திருந்தால், சந்தா நாள் கணக்கு சரியாக இருந்தால், ஆறு வாரம், முழுக் கூலி. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1961 மகப்பேறு நலச் சட்டத்திலும் ஆறு வாரம் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். அக்கா பயந்ததே அந்தச் சான்றுக்குத்தான். மறைக்கக் கூடவே நின்றது என் கையெழுத்து.

போன மாசம் அக்காவிடம் இதைச் சொன்னேன். மருமகள் வேலைக்குப் போகிறாளே, தெரிந்திருக்கட்டும் என்றுதான். அக்கா விரல்விட்டு எண்ணியது.

"நாப்பத்திரெண்டு நாளா? அத்தினி நாளு படுத்துகினு இன்னா கண்ணு பண்ணுவாங்க?"