அரைமணி நேரமும் ஒரு கேரம் பலகையும்

நமது திருவனந்தபுரத்தில், கவடியார்ப் பகுதியில், ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்று இருப்பதை இந்நகர்வாழ் தமிழ் அன்பர்கள் அறிவார்கள். அவ்வழியே செல்லும்போது அந்தப் பசும்புல்லை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவதோடு நமக்கும் அவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு தீர்ந்துவிடுகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராக உத்தியோகம் பார்த்து, சம்பளத் தேதியை எதிர்நோக்கி வாழும் குடும்பஸ்தருக்கு அது எட்டாத ஆட்டம். ஆயினும் அதைக் குறித்து ஆங்காங்கே வாசித்தபோது ஒன்று புலனாயிற்று. கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. அதை எவரும் நம்மீது வீசுவதில்லை. எதிராளி குறுக்கே வந்து நம் கையைத் தட்டுவதில்லை. அடி பிழைத்தால் பழி போட வேறு ஆள் கிடையாது. இந்த இலக்கணம் முழுவதும், நம் வீடுகளில் பீரோவுக்குப் பின்னே சாத்தி வைக்கப்பட்டிருக்கும் கேரம் பலகைக்கும் பொருந்துகிறது அன்றோ? கோல்ஃப் ஆடுவோர் பயிற்சியையும் மனநிலையையும் பற்றி ஓயாமல் பேசுவதுபோல, கேரம் ஆடுகிற நாமும் சிறிது பேசினால் குற்றமில்லை என்ற துணிவில் இதை எழுதுகிறோம்.

அமெச்சூர் என்ற சொல்லை நம்மவர் நாடக சபைகளோடு சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழில், மனத்துக்கு ஓர் ஆட்டம் என்று வாழ்கிறவர் எல்லாரும் அமெச்சூரே. அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் வக்கீல் தொழிலைத் தமக்கெனக் கொண்டவர். ஆட்டத்துக்குக் கூலி வாங்காதவர். அவர் 1930-ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓப்பன் பட்டங்கள் இரண்டையும், அவ்விரு நாடுகளின் அமெச்சூர் பட்டங்கள் இரண்டையும் ஒருங்கே வென்றார். நம் நாட்டிலும் 1965-இல் கல்கத்தாவில் நடந்த இந்திய ஓப்பன் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பின்னுக்குத் தள்ளி வென்ற பி. ஜி. சேத்தி ஓர் அமெச்சூர்தான். இவர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் அறியாமை நமக்கு இல்லை. நாம் 36 வயதில், இரயில்வே ஊழியர்களின் ஆண்டுப் போட்டியில், முன்னெல்லாம் முதற்சுற்றோடு வீடு திரும்பி, இவ்வாண்டு கால் இறுதி வரை சென்ற அளவுடைய ஆட்டக்காரர். அந்தச் சிறு முன்னேற்றம் எப்படி வந்தது என்பதுதான் சொல்ல வந்த செய்தி.

திருவனந்தபுரம் கோட்டம் 1979 அக்டோபர் 2-ஆம் நாள் மதுரைக் கோட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. கன்னியாகுமரி மாவட்டத்து இரயில் பாதைகளும் இதனுள் அடங்குவதால் நெல்லை, நாகர்கோவில் பக்கத்து ஊழியர்கள் இங்கே குறைவில்லை. அவர்களுள் ஒருவர், வள்ளியூரிலிருந்து வந்து பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. மாலைதோறும் கேரம் மேசையருகே வந்து அமர்வார், ஆட மாட்டார், பார்ப்பார். ஒருநாள் நாம் நான்கு ஆட்டம் தொடர்ந்து ஆடி எழுந்தபோது, "தம்பி, ஆடுதியளா, பழகுதியளா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றோம். "ஆடும்போது வாற காயை அடிப்பிய. பழகும்போது வராத காயை அடிக்கணும்லா" என்றார்.

இதைவிடத் தெளிவாக இவ்விஷயத்தைச் சொன்னவர் எவரையும் நாம் வாசித்ததில்லை. ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த அடியையே தேடிப் போகிறோம். ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் வராத அடி வராமலே இருக்கும். வருகிற அடிதான் மேலும் மெருகேறும். நமக்கு வராதது, அடிக்கோட்டுக்கு இப்புறம், நம் மடிப்பக்கமாக வந்து கிடக்கும் காய். ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திரும்பி வரச்செய்து அதைக் குழியில் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட காய் கிடந்தால் வேறு காய் பார்த்துப் போவது நம் வழக்கமாயிருந்தது.

அண்ணாச்சியின் சொற்படி, வீட்டில் இரவு எட்டரை மணி முதல் ஒன்பது வரை என்று ஒரு நேரம் ஒதுக்கினோம். ஒதுக்கியது நாம் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். நேரத்தை அளந்து கொடுத்தவர் நம் இல்லத்தரசி. "அரைமணி, அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது" என்பது ஒப்பந்தம். இது நன்மையாகவே முடிந்தது. வேலைக்குப் போய்வரும் மனிதனுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒன்றரை மணி வீண் ஆட்டமாய்ப் போகும். அரைமணிதான் உண்டு என்றால் முதல் அடியிலேயே கருத்து நிற்கிறது.

ஒரே இடத்தில் காயை வைத்து இருபது முறை அடிப்பது. விழுந்ததையும் தப்பியதையும் நோட்டில் பதிவது. எழுத்தர் வேலை பார்ப்பவருக்குப் பேரேடு இல்லாமல் எதுவும் ஓடாது. முதல் வாரத்தில் இருபதுக்கு ஐந்து, ஆறு என்றிருந்தது. நான்கு மாதத்துக்குப் பின் பதினொன்று. பன்னிரண்டைத் தாண்டிய நாள்கள் இன்றளவும் சிலவே. எண்கள் கண்முன் இருந்தால், நன்றாக ஆடுகிறோம் என்ற மயக்கமும் இனி முடியாது என்ற சோர்வும் ஓரளவு அடங்கியிருக்கின்றன.

அளவுகளைப் பார்த்தால் இவ்வாட்டத்தின் நுட்பம் விளங்கும். காயின் விட்டம் 3.18 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். ஆக, நமக்குக் கிடைக்கும் சலுகை ஒன்றேகால் சென்டிமீட்டரும் சொச்சமும். இந்தச் சொச்சத்தில் நம் ஊர் மழைக்கும் பங்குண்டு. இடவப்பாதி தொடங்கிவிட்டால் பலகை ஈரம் குடித்துக் கனத்துப் போகிறது; எத்தனை போரிக் பவுடர் தூவினாலும் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் களைத்து நிற்கிறது. பலரும் அந்நாளில் பலகையை மூடி வைத்துவிடுவார்கள். நாம் மூடுவதில்லை. மழை நாளில் விரலின் விசையைக் கூட்டியும், வெயில் நாளில் குறைத்தும் பழகுவதால்தான் புதிய பலகையில் அமரும்போது இரண்டே அடியில் அதன் குணம் பிடிபடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே அடியை இருபது முறை அடிக்கும்போது பத்தாவது அடிக்கு மேல் கை தானாகவே போகத் தொடங்கும். நாமோ கற்றுவிட்டோம் என்று மகிழ்வோம். போட்டியில் அப்படி இரண்டாம் வாய்ப்பு ஏது? 1979-ஆம் ஆண்டில் (நம் கோட்டம் பிறந்த அதே ஆண்டு!) ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சியைச் சோதித்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். பலவற்றைக் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும், பிறகு சோதித்தபோது அவர்களே மேம்பட்டு நின்றார்கள். அதனால் அரைமணியில் பாதியை ஒரே அடிக்கும், மறுபாதியைக் காய்களைச் சிதறவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்து ஆடுவதற்கும் கொடுக்கிறோம். இந்த இரண்டாம் பாதி மனத்துக்குக் கசப்பானது; எண்ணிக்கை குறையும். கசப்பு கண்டு விடலாகாது.

நோட்டைப் பற்றிச் சொல்லும்போது நம் மகளைச் சொல்லாமல் தீராது. அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும் கற்கிறாள். தமிழ் எழுத்தை வீட்டில்தான் கற்பித்து வருகிறோம். நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் யாவற்றிலும் இதே கவலை உள்ளது. அப்பாவின் கணக்கை எழுதும் பொறுப்பை அவள் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். எண் மட்டும் போதாது, சொல்லாலும் எழுது என்றோம். முதல் நாள் ஏட்டைப் புரட்டியபோது, விழுந்த காய்க்கெல்லாம் "வீணு" என்றும், விழாத காய்க்கெல்லாம் "வீணில்ல" என்றும் எழுதியிருந்தாள். மலையாளத்தில் அவை "விழுந்தது", "விழவில்லை" என்றே பொருள்படும். தமிழ்க் கண்ணோடு படித்தால் விழுந்ததெல்லாம் வீண், விழாததெல்லாம் வீணில்லை! அதை அண்ணாச்சியிடம் காட்டினோம். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கு?" என்றார்.

இப்போது அவள் "விழுந்தது" என்று ழகரம் பிசகாமல் எழுதுகிறாள். கணக்கிலும் கறார். குழியின் விளிம்பில் நடுங்கி நின்ற காயைப் பார்த்து, இதைச் சேர்த்துக்கொள்ளம்மா என்று கெஞ்சினாலும் இசைய மாட்டாள். பரிசோதகர் வேலைக்கு ஏற்ற குணம்.

இனி மனநிலை. கேரம் ஆட்டத்தில் மிகக் கடினமான காய், குழி வாசலில் கிடக்கும் கடைசிக் காய். அதைத் தப்பவிடாத ஆட்டக்காரர் இல்லை. விரல் தெறிக்கும் முன்பே கண் காயை விட்டுக் குழிக்கு ஓடிவிடுவதே பெரும்பாலும் காரணம். கோல்ஃப் ஆடுவோரும் பந்தைத் தொடுமுன் தலையை நிமிர்த்துவதைத்தான் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். வெற்றியைப் பார்க்கும் ஆசை வெற்றியையே கெடுக்கிறது. இதற்கு நாம் கைக்கொண்ட மருந்து எளியது: அடித்தபின் காய் விழும் சத்தத்தைக் காதால் கேட்பது. கண்ணுக்குக் குழியிடம் வேலையில்லை.

மற்றொன்று, எதிராளியின் அதிர்ஷ்டம். ராணியைக் குறி வைக்காமலே அவர் ராணியையும், அதைத் தொடர்ந்து ஃபாலோ காயையும் போட்டுவிடுவார். மூன்று புள்ளிகள் போயின. அப்போது மனத்தில் எழும் பொருமலோடு அடுத்த அடியை அடித்தால் அதுவும் போகும். இதை அடக்கும் வித்தையை நாம் பலகையில் கற்கவில்லை. டிக்கெட் ஜன்னலில் கற்றோம். சில்லறை இல்லை என்று ஒருவர் சண்டையிட்டுப் போனபின், அவருக்குப் பின்னால் நிற்கும் மூதாட்டி அந்தச் சண்டைக்குப் பொறுப்பில்லை. அவருக்கு நாகர்கோவில் டிக்கெட் வேண்டும், அவ்வளவுதான். பலகையில் அடுத்த காயும் அந்த மூதாட்டியைப் போன்றதே. ஒரு முழு மூச்சு விட்டு, ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டின் இரு வரிகளையும் தொடும்படி வைத்து, மறுபடி தொடங்க வேண்டும். நாள்தோறும் சித்திக்கிறதா என்றால், இல்லை. ஜன்னலிலும் அப்படியே.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கும் என்று இல்லத்தரசி ஒருமுறை கேட்டார். பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர்கூட இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை என்பதால் கேள்வி நியாயமானதே. முப்பது வயதைக் கடந்தபின் நம்மில் பலருக்கு நேற்றைவிட இன்று சிறிது மேலாகச் செய்கிறோம் என்று காட்டும்படியான காரியம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. உத்தியோகத்தில் ஏற்றம் சீனியாரிட்டிப் பட்டியலைப் பொறுத்தது. சம்பளம் அகவிலைப்படியைப் பொறுத்தது. நம் கையைப் பொறுத்தது இந்த இருபதுக்குப் பதினொன்று ஒன்றுதான். அதைச் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஒன்பதாகி ஐந்து நிமிஷம் கழித்தே குரல் கொடுத்தார்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பரீட்சை வந்ததும் பலகை பரணுக்கு ஏறுவதும், கேரம் என்றால் பொழுதைக் கொல்லும் ஆட்டம் என்று பிள்ளைகளைக் கடிவதும் நம் வீடுகளில் வழக்கமாயிருக்கின்றன. சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் பிறந்தது நம் சென்னையில்தான். சென்னையின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி எளிய உழைப்பாளி வீட்டிலிருந்து உலகப் பட்டத்துக்கு உயர்ந்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள். இவர்களைக் காட்டி, எல்லாப் பிள்ளைகளும் சாம்பியனாவார்கள் என்று ஆசை காட்ட நாம் வரவில்லை, அது பொய்யாகும். பலகையைப் பரணில் ஏற்றாமல், அரைமணியைக் கடிகாரம் வைத்து அளந்து கொடுங்கள் என்பதே நாம் கேட்பது. கணக்கெழுதும் நோட்டு தமிழில் இருக்கட்டும்.

நமது சங்கக் கூடத்தில் உள்ள பலகையின் இடக்கோடிக் குழியில் வலை அறுந்து கிடக்கிறது. மேலே தொங்கும் விளக்குக்கு மூடியும் இல்லை, கண் கூசுகிறது. வலையை நாம் வாங்கி வருகிறோம். விளக்கு மூடியைப் பார்க்க யாரேனும் ஓர் அன்பர் முன்வந்தால், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கலாம். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட மாட்டாராம், பார்ப்பாராம்.