ஃபார்மட் அடிப்பதற்கு முன்

சென்னை ரிச்சி தெருவின் விலைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒன்று புலப்படும். ஓஎஸ் போட ஒரு விலை, கீபோர்டு மாற்ற ஒரு விலை, ஸ்கிரீனுக்கு, பேட்டரிக்கு, ரேமுக்கு என்று எல்லாவற்றுக்கும் விலை எழுதியிருக்கிறார்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு மட்டும் எந்தப் பலகையிலும் விலை இல்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். ரேடியோ உதிரிபாகங்கள், டிவி, கேசட் பிளேயர், கம்ப்யூட்டர், இப்போது சிசிடிவி கேமரா என்று காலத்துக்குக் காலம் சரக்கை மாற்றிக்கொண்ட வட்டாரம் இது. ஒரு மின்விசிறிக் கடைக்கும் கேபிள் கடைக்கும் நடுவில் குறுகலான மாடிப்படி. மேலே ஓர் அறை, மூன்று மேசைகள். நீல நிற ரப்பர் விரிப்பின் மேல் கழற்றிய லேப்டாப்கள். ஒரு மூலையில் பழைய போர்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஃப்ளக்ஸ் எரிகிற புகையும் ஐபிஏ என்று இவர்கள் சொல்கிற ஆல்கஹாலின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கலர் டிவி ரிப்பேரில் கைபழகியவர். தெருவே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. நடு மேசையில் சிப் லெவல் வேலை பார்க்கிற பெண், அரக்கோணத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவர். மூன்றாவது மேசையில் தொழில் கற்கிற பையன்.

"ஆன் ஆகலைன்னு சொல்லுவாங்க சார்," என்றார் அண்ணன். "அதுல மூணு வியாதி இருக்கு. பவரே இல்லாதது ஒண்ணு. பவர் இருக்கு, டிஸ்ப்ளே வரலைங்கறது ரெண்டாவது. டிஸ்ப்ளே வருது, ஓஎஸ் ஏறலைங்கறது மூணாவது. இதைப் பிரிக்காம ஸ்க்ரூ டிரைவரை எடுத்தா வேலை கெட்டுது."

முதல் வகை அந்தப் பெண்ணின் மேசைக்குப் போகிறது. அடாப்டரிலிருந்து வரும் 19 வோல்ட் போர்டுக்குள் நுழைந்ததும் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இறங்கிக் காத்திருக்க வேண்டும். பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே இருக்க வேண்டிய மின்சாரம் அது. நான் போன நேரம் ஒரு போர்டில் அது இல்லை. எங்கோ ஒரு கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தது. வெளியிலிருந்து குறைந்த வோல்டேஜைக் கொடுத்து, போர்டின் மேல் ஐபிஏவைத் தடவிவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ஷார்ட் ஆன இடம் சூடேறுவதால் அங்கே ஆல்கஹால் முதலில் காய்ந்துபோகும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எள் அளவுகூட இல்லாத ஒரு துண்டைச் சுற்றி ஈரம் விலகிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கியதும் மின்சாரம் வந்துவிட்டது.

இரண்டாம் வகையில் பாதி ரேமில் தீர்கிறது. பையன் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூசி தட்டி, திரும்பப் பொருத்துகிறான்.

என் மனம் போய் நின்றது மூன்றாம் வகையில். இயந்திரம் உயிரோடு இருக்கிறது, லோகோ காட்டுகிறது, அதற்கு மேல் நகர மறுக்கிறது. தெருவில் இதற்கு உடனடியாகச் சொல்லப்படும் மருந்து, "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுடலாம்." பல நேரம் இயந்திரமும் ஓடிவிடும். அதற்குள் இருந்தவை போய்விடும்.

அன்று திருவல்லிக்கேணியில் சிறிய அச்சகம் வைத்திருப்பவர் ஒருவர், துணிப்பையில் ஒரு கனத்த பழைய லேப்டாப்பைச் சுமந்து படியேறி வந்தார். விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே நிறுத்திவிட்டது. இவர் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. கல்யாணப் பத்திரிகைகள், காதணி விழா அழைப்புகள், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்கள் என்று அவருடைய பல வருட உழைப்பு முழுவதும் பேஜ்மேக்கரில் இருக்கிறது. 2001இல் வந்த 7.0 தான் அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு. எழுத்துகளோ யூனிகோடுக்கு முந்தியவை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பிக் கிடக்கும். தமிழ்நாட்டின் எத்தனையோ அச்சகங்களின் பழைய வேலைகள் இன்னும் இப்படித்தான் இருக்கின்றன. பழைய லேப்டாப்பை விடாமல் வைத்திருப்பவர்களைக் கஞ்சர்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த அச்சகக்காரரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

"லோகோ வருதுண்ணே. நீலமா ஒரு மின்னல். திரும்ப மொதல்லேருந்து. ராத்திரி முழுக்க இப்படியே சுத்துது. பக்கத்துல ஒரு கடையில காட்டினேன். எக்ஸ்பி சிடி போட்டுப் பார்த்தாங்க. ஹார்டு டிஸ்க்கே காட்டல, டிஸ்க் போச்சு, மாத்தணும்னுட்டாங்க."

அண்ணன் லேப்டாப்பை ஆன் செய்யவில்லை. "உள்ள என்ன இருக்கு? வேற எங்கயாச்சும் காப்பி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று அச்சகக்காரர் தலையாட்டியதும் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஹார்டு டிஸ்கைக் கழற்றினார். 160 ஜிபி. அதைத் தன் மேசைக் கணினியில் மாட்டி, லினக்ஸில் திறந்து, முதலில் டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தார். கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் சில இருந்தன. படிக்க முடியாமல் காத்திருப்பவை எதுவும் இல்லை. "வயசுக்கு நல்லாவே இருக்கு. டிஸ்க் போகலை."

பிறகு டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓடவிட்டார். அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் 2004இல் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. சாதாரணமாக நகலெடுக்கும் நிரல்கள் கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வருகிறது. சாகக் கிடக்கிற டிஸ்க் எந்த நிமிடமும் நிற்கலாம் என்ற பயத்தை அறிந்து எழுதப்பட்ட நிரல் என்று எனக்குத் தோன்றியது. செக்டர் செக்டராக முழு டிஸ்க்கும் வேறொரு டிஸ்க்குக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை லேப்டாப்பில் அவர் கை வைக்கவில்லை.

"செக் டிஸ்க் போட்டுப் பார்த்திருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "அது ரிப்பேர் பண்றேன்னு டிஸ்க்குல எழுதும் சார். டிஸ்க் நல்லா இருந்தா சரி. தேய்ஞ்ச டிஸ்க்குல எழுதவிட்டா இருக்கறதையும் கலைச்சிடும். மொதல்ல காப்பி. அப்புறம்தான் வைத்தியம்."

காத்திருந்த நேரத்தில் பையனுக்கு அவர் பாடம் நடத்தினார். பட்டனை அழுத்தியதும், போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரல் விழிக்கிறது. ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறது. பிறகு டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிக்கிறது. 512 பைட் மட்டுமே கொண்ட அந்த இடத்தில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, மீதி இரண்டும் அடையாளக் குறி. அங்கிருந்து எக்ஸ்பியின் என்டிஎல்டிஆர் என்ற கோப்புக்கு ஆள் மாறுகிறது. அது விண்டோஸின் உள்கருவை ஏற்றுகிறது. அந்தக் கருவே எழுந்து, தன் சொந்த டிரைவரைக் கொண்டு டிஸ்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "எந்தப் படியில நிக்குதுன்னு பாருடா. நின்ன படிக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். இவரு லேப்டாப்பு லோகோ காட்டுது. அப்படின்னா?" பையன் யோசித்து, "டிஸ்கைப் படிச்சிருக்குண்ணா" என்றான். "அப்ப டிஸ்க் போச்சுன்னு எப்படிச் சொன்னாங்க?" அந்தக் கேள்வியை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

நகல் முடிந்ததும் டிஸ்கைத் திரும்ப லேப்டாப்பில் பொருத்தி ஆன் செய்தார். லோகோ வரும் முன் எஃப்8 விசையைத் தட்டினார். வந்த பட்டியலில், கோளாறு ஏற்பட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்ற வரியைத் தேர்ந்தெடுத்தார். இம்முறை நீலத்திரை மின்னி மறையாமல் நின்றது. கீழே ஸ்டாப் 7பி என்ற குறியீடு. விண்டோஸின் கருவுக்குத் தன் டிஸ்க் எட்டவில்லை என்று அர்த்தம். பயாஸ் படித்த அதே டிஸ்க்தான்.

அவர் ஆஃப் செய்து, எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனார். மூலையில் தேதி: 2007 ஜனவரி 1.

அதைப் பார்த்ததும் அச்சகக்காரரிடம் திரும்பினார். "லேப்டாப் பேட்டரி இருக்கா?"

"அது எப்பவோ போச்சுண்ணே. சார்ஜர்லயேதான் ஓட்டுறேன்."

"ராத்திரி கடை சாத்தும்போது மெயினை ஆஃப் பண்ணிடுவீங்களா?"

"ஆமா, தினமும்."

போர்டின் ஓரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு ஒயர்களோடு ஒரு நாணயப் பேட்டரி இருந்தது. மல்டிமீட்டரை வைத்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. பெரிய பேட்டரி செத்து, இரவில் மின்சாரமும் நிற்கும்போது, தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்ற இந்தச் சின்னப் பேட்டரி ஒன்றுதான் மிச்சம். வருடக்கணக்கில் தனியாகக் காவல் காத்து அது தீர்ந்துபோயிருக்கிறது. அது போனதும் பயாஸ் தன் ஆலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த அமைப்பில் சாட்டா டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தது. எக்ஸ்பிக்கு அந்தப் பேச்சு தெரியாது, அதற்கான டிரைவர் அதனிடம் கிடையாது. முன்பு யாரோ பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிவைத்துத்தான் எக்ஸ்பியை நிறுவியிருக்கிறார்கள். எக்ஸ்பி சிடி ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று சொன்னதற்கும் அதுவே காரணம்.

நாணயப் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, சாட்டா முறையை ஐடிஇக்குத் திருப்பி, சேமித்து வெளியே வந்தார். எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் விரிந்தது. அச்சகக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். பேஜ்மேக்கரில் ஒரு மஞ்சள்நீராட்டு விழா அழைப்பைத் திறந்தார். எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன.

இதில் அந்த முதல் கடைக்காரரைக் குறைசொல்வது எளிது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை இயந்திரம் வெளியேறுகிறது என்பதில்தான் அவர் வாடகை இருக்கிறது. ஃபார்மட்டுக்கு விலை உண்டு, கையிலிருக்கும் சிடியால் முடிகிற வேலை. எஃப்8 தட்டி, குறியீட்டைப் படித்து, தேதியைக் கவனித்து, இரவில் மெயினை அணைப்பீர்களா என்று கேட்கிற நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? அறிவுள்ள கையை வேகமான கையாக மாற்றுவது நாம் எதற்குக் கூலி கொடுக்கிறோம் என்பதுதான்.

மதியத்துக்கு மேல் கூட்டம் கூடியது. ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த ஹார்டு டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம். அண்ணன் உடனே கரண்டைப் பிடுங்கிவிட்டார். உள்ளே படிக்கும் தலை பழுதாகியிருக்கிறது, இனி ஓட்டும் ஒவ்வொரு நொடியும் தகவலைச் சுரண்டலாம் என்று சொல்லி, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்பினார். பணம் வாங்கவில்லை. தன்னால் முடியாது என்று அவர் சொன்ன வேகம் என்னை அசத்தியது.

அடுத்தது ஓர் அம்மா கொண்டுவந்த, ஒப்பீட்டளவில் புதிய லேப்டாப். வேறெங்கோ பயாஸை மாற்றிவிட, விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டிக்கொண்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. அந்தச் சாவி இல்லாமல் டிஸ்கைக் கழற்றி நகலெடுத்தாலும் பயனில்லை, உள்ளே இருப்பதெல்லாம் மறையாக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லி, அந்த அம்மாவை மகளுக்கு போன் செய்யச் சொன்னார். மகள் கணக்கில் கிடைத்தது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளும் வந்தன. 2011இல் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டு வந்தவை. பிளஸ் டூ படித்தபோது வாங்கியதை இன்று தம்பியோ தங்கையோ உபயோகிக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய பிராசஸரும் இவற்றில் இல்லை. சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுக்கிறார் அண்ணன். படிக்க, எழுத, வீடியோ பார்க்க அது போதும். இவற்றைக் குப்பை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. பல வீடுகளில் நுழைந்த முதல் கணினி இது.

மாலையில் அச்சகக்காரரின் கணக்கு பேசப்பட்டது. பேட்டரி விலை தனியாக, வேலைக்கூலி தனியாக. "ஒரு சின்ன பேட்டரிக்கா இவ்வளவு?" என்று அவர் கேட்டார். அரக்கோணத்துப் பெண் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, "பேட்டரிக்கு இல்லண்ணே, ஃபார்மட் பண்ணாம இருந்ததுக்கு" என்றார். அச்சகக்காரர் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார்.

அண்ணன் விடவில்லை. நகலெடுத்த டிஸ்கை ஒரு உறையில் போட்டு அவர் கையில் கொடுத்து, இதை அச்சகத்தில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள் என்றார். அடுத்த வேலையாக, அந்த நகலிலிருந்து எக்ஸ்பியை அப்படியே ஒரு புதிய கணினிக்குள் மெய்நிகர் இயந்திரமாக ஓடவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றார். அச்சகக்காரரின் தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒரு யூஎஸ்பி பூட்டோடு வந்தது, அதை மாட்டினால்தான் ஓடும். அந்தப் பூட்டை மெய்நிகர் இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமா என்பதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். முகூர்த்த வேலைகள் முடிந்ததும் பூட்டை எடுத்து வருவதாக அச்சகக்காரர் ஒப்புக்கொண்டார். அதுவரை இரவில் மெயினை அணைக்கலாமா என்று கேட்டார். "தாராளமா அணைங்க. இப்ப பேட்டரி புதுசு" என்றார் அண்ணன்.